வார்டுக்குத் திரும்பும் முதுகலை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



துணை மருத்துவப் படிப்புகளில் முதுகலை என்ற பொருளை நான்தான் கேட்டு வாங்கினேன். நாற்பது வயதைத் தாண்டிய இயன்முறை சிகிச்சையாளர் எவரைப் பார்த்தாலும் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சார், மேல படிக்கலாமா?" என்பதுதான். அந்தக் கேள்விக்குத் தாழ்வாரத்தில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்புவது எனக்குப் போதாமலே இருந்து வந்தது. இன்று ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறீர்கள்.

துணை மருத்துவம் என்றதும் பலர் ரத்தம் எடுப்பவரையும் எக்ஸ்ரே எடுப்பவரையும் மட்டும் நினைக்கிறார்கள். நாடாளுமன்றம் 2021இல் நிறைவேற்றிய அலைடு அண்ட் ஹெல்த்கேர் புரொபஷன்ஸ் தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையைப் படித்தால் துறையின் பரப்பு தெரியும். ஆய்வகம், அறுவை அரங்கு மற்றும் மயக்கவியல் தொழில்நுட்பம், இயன்முறை சிகிச்சை, ஆக்குபேஷனல் தெரபி, ஊட்டச்சத்து, கண் பரிசோதனை, சமூக மனநலப் பராமரிப்பு, கதிரியக்கம், பிசிஷியன் அசோசியேட், மருத்துவத் தகவல் மேலாண்மை எனப் பத்துப் பிரிவுகள் அதில் உள்ளன. குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பை 3 முதல் 6 ஆண்டுகளில் முடித்துப் பட்டம் பெறுபவரை அந்தச் சட்டம் நலவாழ்வுத் தொழில்முறையாளர் என்கிறது. அவர் செய்யும் வேலையை வரையறுக்கும்போது சிகிச்சை தருவதோடு ஆலோசனை சொல்வது, மேற்பார்வை செய்வது, ஆராய்வது ஆகியவற்றையும் சேர்த்திருக்கிறது. ஆராய்வது உங்கள் தொழிலின் பகுதி என்று சட்டமே சொல்லிவிட்டது. மாணவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேற்படிப்பு பற்றி என்னிடம் வருபவர்கள் வழக்கமாக மூன்று விஷயங்கள் கேட்பார்கள். வேலை கிடைக்குமா, சம்பளம் கூடுமா, வெளிநாடு போக உதவுமா. மூன்றும் நியாயமான கேள்விகள். கல்விக் கடன் வாங்கிப் படிக்க வைத்த வீட்டுப் பிள்ளை இவற்றைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது: நான் எம்.பி.டி.யோ எம்.எஸ்சி.யோ முடித்து வந்தால் என் நோயாளிக்கு இன்று கிடைக்காத எது கிடைக்கும்?

இன்றைய நிலையில் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை. முதுகலை முடித்தவர் கல்லூரியில் விரிவுரையாளர் ஆகிறார், அல்லது விசாவுக்கு விண்ணப்பிக்கிறார். வார்டில் நிற்பவர் போன வருடம் இன்டர்ன்ஷிப் முடித்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. மிகச் சிக்கலான நோயாளி மிகக் குறைந்த அனுபவம் உள்ளவர் கையில் போய்ச் சேருகிறார். ஆசிரியப் பணியை நான் குறைத்துப் பேசவில்லை. என் வாழ்நாளே அதில்தான் போயிற்று. முதுகலை என்பது நோயாளியைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்புக்கான தகுதி. அதைப் பெற்றவர் வார்டுக்குத் திரும்பும் வகையில் படிப்பும் பதவியும் அமைய வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

1. வேலூரில் கை திரும்பிய விதம்

இந்தத் துறையில் உயர்கல்வி என்றால் என்ன என்பதைப் பட்டங்களே இல்லாத காலத்திலிருந்து பார்ப்போம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1948இல் தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். முழங்கையை ஒட்டிச் செல்லும் அல்நார் நரம்பு பாதிக்கப்பட்டால் உள்ளங்கையின் சிறு தசைகள் வற்றிப்போகும். விரல்கள் அடிக்கணுவில் பின்னால் வளைந்து நுனியில் உள்ளே மடங்கிவிடும். அந்தக் கையால் சோறு பிசைய முடியாது, பொத்தான் போட முடியாது, காசு எண்ண முடியாது. வேறொரு வேலைக்கு இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசைகளின் வேலையைச் செய்யும்படி இடம் மாற்றித் தைப்பதே அந்த அறுவை.

மாவுக்கட்டு சுமார் மூன்று வாரத்தில் பிரிக்கப்படும். அப்போது கை பார்ப்பதற்கு நேராக இருக்கும். ஆனால் நோயாளிக்கு அதை அசைக்கத் தெரியாது. நேற்று வரை ஒரு வேலை செய்த தசை இன்று வேறொரு வேலை செய்ய வேண்டும். மூளைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. இங்கேதான் இயன்முறை சிகிச்சையாளரின் வேலை. அறுவைக்கு முன்பே மெழுகு ஒத்தடமும் எண்ணெய்த் தேய்ப்பும் கொடுத்து இறுகிய மூட்டுகளை நெகிழ்த்தி, மாற்றப்போகும் தசையைத் தனியாக இயக்க நோயாளிக்குக் கற்றுக் கொடுத்திருப்பார். அறுவைக்குப் பின் அதே அசைவைக் கேட்பார், வேறொரு மூட்டில் பதில் வரும். அந்தப் புதிய அசைவை நாள்தோறும் பழக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பளு கூட்ட வேண்டும். ஒரு வாரம் முந்திக் கூட்டினால் தையல் விடும், பிந்தினால் நாண் ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு அந்தக் கையில் உணர்ச்சி கிடையாது. சூடான டம்ளரைப் பிடித்தாலும் சுடுவது தெரியாது. தோல் செய்ய வேண்டிய காவலைக் கண் செய்யப் பழக வேண்டும்.

1951இல் அங்கே நவ ஜீவ நிலையம் என்ற குடியிருப்பு தொடங்கினார்கள். திருத்திய கையோடு ஊருக்குப் போய்ப் பிழைக்க வேண்டும் அல்லவா? அதற்காக மரவேலை முதலான தொழில்கள் அங்கே கற்றுக் கொடுக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் டாக்டர் மேரி வர்கீஸ் இந்தக் கதைக்குள் வருகிறார். 1954இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு நிலையத்தில் பயின்று வந்து வேலூரின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் மறுவாழ்வு மையம் எழுந்தது.

எந்த நாணை எங்கே தைப்பது என்று முடிவு செய்வது அறுவை மருத்துவர். எந்த நாளில் எவ்வளவு பளு என்று முடிவு செய்வது சிகிச்சையாளர். இரண்டாவது முடிவு தப்பினால் முதல் முடிவு வீணாகிவிடும். அந்த இரண்டாவது முடிவுக்குத் தேவையான அறிவைத்தான் முதுகலை என்கிறேன். உடற்கூறு எல்லோருக்கும் தெரியும், பயிற்சி முறைகள் புத்தகத்தில் இருக்கின்றன. இந்தக் கைக்கு, இந்த வாரம், இவ்வளவு என்று சொல்லி, ஏன் என்று விளக்கி, விளைவுக்குப் பொறுப்பேற்பது அதற்கு மேற்பட்ட படிநிலை.

2. டீ மாஸ்டரின் வலக்கை

அந்தப் படிநிலை இன்று எப்படி இருக்கும் என்பதற்கு நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பக்கவாதம் வந்த ஒருவர், ஐம்பது வயதிருக்கும், டீக்கடை மாஸ்டர். வலக்கையின் பலம் நன்றாகத் திரும்பிவிட்டது. கேஸ் ஷீட்டில் பலம் ஐந்துக்கு நான்கு என்று எழுதி, வீட்டுக்கு அனுப்பத் தயாராக இருந்தார்கள். எங்கள் குழுவில் ஆக்குபேஷனல் தெரபியில் முதுகலை முடித்த ஒரு பெண் இருந்தார். அவர் நோயாளியிடம், "அண்ணே, கடையில முதல்ல எந்த வேலை செய்வீங்க?" என்று கேட்டார். "டீ ஆத்தணும்மா" என்றார் அவர்.

அந்தப் பெண் இரண்டு டம்ளரில் பச்சைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஆற்றச் சொன்னார். மேலே போன கை இறங்கவில்லை. முன்கை திரும்ப வேண்டிய வேகத்தில் திரும்பவில்லை, தண்ணீர் முழுவதும் மணிக்கட்டில் ஊற்றியது. கொதிக்கும் டீயாக இருந்திருந்தால் அன்றே தீக்காய வார்டு. ஐந்துக்கு நான்கு என்ற எண் பொய்யில்லை, ஆனால் அது டீ ஆற்றுவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பிறகு அவர் முன்கைச் சுழற்சியைத் தனியாகவும், கையையும் கண்ணையும் சேர்த்தும் படிப்படியாகப் பழக்கினார். முதலில் ஒரு சாண் உயரம், அப்புறம் ஒரு முழம், கடைசியில்தான் வெதுவெதுப்பான நீர். அந்த மனிதரைக் கடைக்கு எப்போது திருப்பி அனுப்பலாம் என்று முடிவு செய்தவர் அவர். மருத்துவர் அந்த முடிவை ஏற்றுக்கொண்டார்.

இது ஒரு நல்ல மனுஷியின் கரிசனம் மட்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தொழிலை அதன் அசைவுகளாகப் பிரித்து, எந்த அசைவு உடைந்திருக்கிறது என்று கண்டு, அதைத் தரம் பிரித்துப் பயிற்றுவது ஆக்குபேஷனல் தெரபியின் முறையான அறிவு. மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் 1950இல் தொடங்கிய பள்ளியிலிருந்து இந்த நாட்டில் கற்பிக்கப்பட்டு வருவது. முதுகலை அதை ஆழப்படுத்தியிருந்தது. அவர் வார்டில் இருந்ததால்தான் அது அந்த நோயாளிக்குப் பயன்பட்டது. மறு வருடம் அவர் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். மருத்துவமனையில் அவருடைய பட்டத்துக்கென்று ஒரு பதவி இல்லை. சம்பளம் இளநிலை முடித்தவருக்கு உரியதே. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

3. செய்வது பலிக்கிறதா என்று கேட்பது

முதுகலையின் அடுத்த கடமை, நாம் செய்வது உண்மையில் பலிக்கிறதா என்று சோதிப்பது. இதில்தான் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். எனவே இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பக்கவாத நோயாளியை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி உட்கார வைத்து நடக்க வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது எங்கள் துறையில் வேதவாக்காக இருந்தது. ஆஸ்திரேலியாவின் இயன்முறை சிகிச்சையாளர் ஜூலி பெர்ன்ஹார்ட் இதை நம்பிவிட்டுப் போகாமல் சோதித்தார். அவர் தலைமையிலான ஆவெர்ட் ஆய்வில் ஐந்து நாடுகளின் 56 மருத்துவமனைகளில் 2,104 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான பராமரிப்பு; மறுபாதிக்கு 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, அடிக்கடியும் அதிகமாகவும் எழுப்பும் சிகிச்சை. முடிவு 2015இல் லான்செட் இதழில் வந்தது. மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் தீவிரமாக எழுப்பப்பட்ட பிரிவில் 46 விழுக்காடு, வழக்கமான பிரிவில் 50 விழுக்காடு. முதல் நாளில் அளவுக்கு மீறி எழுப்புவது நன்மையைக் குறைத்தது. உலகம் முழுக்கப் பக்கவாதச் சிகிச்சை வழிகாட்டிகள் இந்த முடிவைக் கணக்கில் எடுத்துக்கொண்டன. நல்லெண்ணத்தோடு செய்துவந்த ஒன்றின் அளவைத் திருத்தியது ஓர் இயன்முறை சிகிச்சையாளரின் கேள்வி.

நம் நாட்டில் நடந்த ஆய்வு ஒன்றும் உண்டு. வீட்டுக்குப் போன பக்கவாத நோயாளிக்குத் தொடர்ந்து சிகிச்சை தர நம்மிடம் ஆள் போதாது. ஆகவே குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அவரையே செய்யச் சொன்னால் என்ன? கேட்கும்போதே நியாயமாகப் படுகிறது. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் அட்டெண்ட் என்ற பெயரில் இதைச் சோதித்தார்கள். 2017இல் முடிவு வெளிவந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே இருந்தவர்களும் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவு. குடும்பத்தாருக்குக் கொடுத்த பயிற்சி அந்த அளவுகோலில் பலன் தரவில்லை.

இந்த முடிவு பலருக்கு ஏமாற்றம் தந்தது. எனக்கு அது மதிப்பு மிக்க செய்தி. பயிற்சியின் அளவு போதவில்லையா? அம்மா சமையலுக்கும் நோயாளிக்கும் நடுவே எத்தனை நிமிடம் ஒதுக்க முடிந்தது? கற்றுக்கொடுத்த பயிற்சிகள் பொருத்தமானவையா? ஒவ்வொன்றும் ஒரு முதுகலை ஆய்வுக்குப் போதுமான கேள்வி, அதுவும் நம் வீடுகளில் மட்டுமே விடை காணக்கூடிய கேள்வி.

நம் முதுகலை ஆய்வேடுகள் என்ன செய்கின்றன? முப்பது நோயாளிகள், இரண்டு குழுக்கள், ஆறு வாரம், முன்மதிப்பீடு, பின்மதிப்பீடு, கடைசியில் ஒரு பி வேல்யூ. கழுத்துவலிக்கு இந்தப் பயிற்சியா அந்தப் பயிற்சியா என்று ஒரே தலைப்பு ஊர் மாறி ஊர் வருகிறது. பைண்டு செய்து, நூலகத்தில் வைத்து, வாய்மொழித் தேர்வோடு மறந்துவிடுகிறோம். மாணவரைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு ஆண்டுகளில் வகுப்பு, வார்டு, நெறிமுறைக் குழுவின் அனுமதி எல்லாம் போக அவருக்கு மிஞ்சும் காலம் அவ்வளவுதான். தனி ஒருவரால் முப்பது பேருக்கு மேல் சேர்க்க முடியாது.

ஆனால் பத்துக் கல்லூரிகள் ஒரே கேள்வியை, ஒரே முறையில், ஒரே அளவுகோலால் எடுத்துக்கொண்டால் ஒரே ஆண்டில் முந்நூறு பேர். அடுத்தடுத்த மூன்று பேட்ச் மாணவர்கள் அதையே தொடர்ந்தால் தொள்ளாயிரம். அப்போது நம்மிடமிருந்தும் நம்பத்தக்க ஒரு விடை வரும். ஒவ்வொரு மாணவருக்கும் புதுத் தலைப்பு வேண்டும் என்ற பிடிவாதத்தைப் பல்கலைக்கழகங்கள் கைவிட வேண்டும். ஒரு பெரிய கேள்வியின் ஒரு பங்கை ஒழுங்காகச் செய்ததற்குப் பட்டம் தரலாம். இதை இங்கே அமர்ந்திருக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களிடம் வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

4. நம் உடலுக்கும் பேச்சுக்கும் அளவுகோல்

மறுவாழ்வு வார்டுகளில் நாள்தோறும் புழங்கும் பார்த்தெல் அளவுகோலை 1965இல் அமெரிக்காவில் வெளியிட்ட இருவரில் ஒருவரான டொரோத்தியா பார்த்தெல் இயன்முறை சிகிச்சையாளர். பத்து அன்றாடச் செயல்களுக்கு மதிப்பெண் போடும் எளிய, நல்ல கருவி. அதில் உண்பது பற்றிய பகுதியைப் படியுங்கள்: உணவை வெட்டவும் வெண்ணெய் தடவவும் உதவி வேண்டுமா என்று கேட்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாட்டி எந்தக் காலத்திலும் வெண்ணெய் தடவியதில்லை. அவருக்குச் சோற்றைக் குழம்போடு பிசைந்து, விரல் நுனியில் திரட்டி, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். முள்கரண்டி பிடிப்பதைவிட அது நுட்பமான வேலை. தரையிலிருந்து கையூன்றாமல் எழுவது, குந்தி உட்கார்ந்து எழுவது, புடவைக் கொசுவம் வைப்பது, குடத்தை இடுப்பில் ஏற்றுவது எதுவும் அந்தப் பத்தில் இல்லை. இந்தச் செயல்களுக்கு நம்பகமான அளவுகோல் செய்வதும், இரண்டு சிகிச்சையாளர் தனித்தனியே அளந்தால் ஒரே மதிப்பெண் வருகிறதா என்று பார்ப்பதும் முதுகலை மாணவருக்கு ஏற்ற, செலவு குறைந்த, உடனே வார்டில் பயன்படக்கூடிய வேலைகள்.

பேச்சுச் சிகிச்சையில் இந்தத் தேவை இன்னும் கூர்மையானது. மதுரைப் பக்கத்துக் குழந்தை வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்று சொன்னால் அது உச்சரிப்புக் கோளாறு அல்ல. அந்தக் குழந்தையின் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். அதே வயதில் 'ர'வை 'ல' என்று சொன்னால் கவனிக்க வேண்டியிருக்கலாம். எது வட்டார வழக்கு, எது வயதின் இயல்பு, எது கோளாறு என்று பிரிக்க, தமிழ்க் குழந்தைகளிடம் எடுத்த அளவீடு வேண்டும். பெரியவர்களில் பக்கவாதத்தால் பேச்சிழந்தவரிடம் ஏட்டுத் தமிழில் கட்டளை வாசித்தால் அவர் விழிப்பார். பேச்சுத் தமிழில் கேட்டால் செய்துவிடுவார். சோதனை எந்தத் தமிழில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒருவரின் நோய்க்கணிப்பே மாறிவிடும். மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனத்தின் முதுகலை ஆய்வேடுகள் இந்திய மொழிகளில் இப்படிப்பட்ட சோதனைகளை உருவாக்கும் வேலையைத் தலைமுறைகளாகச் செய்து வருகின்றன. காது நுண்கருவி (காக்ளியர் இம்ப்ளான்ட்) பொருத்திய குழந்தைக்கு அதன்பின் கேட்கவும் பேசவும் நீண்ட பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி முன்னேறுகிறதா என்பதையும் தமிழ் அளவுகோலால்தான் அளக்க முடியும்.

5. பட்டத்துக்கு ஒரு நாற்காலி

பட்டத்துக்கென்று பதவி இருக்கும் துறையும் நம்மிடம் உண்டு. கதிரியக்கச் சிகிச்சையைப் பாருங்கள். புற்றுநோய்க் கட்டிக்குக் கதிர் எவ்வளவு, எந்தக் கோணத்தில் என்று கணக்கிட்டுக் கருவியைச் சரிபார்ப்பவர் மருத்துவ இயற்பியலாளர். அவர் இல்லாமல் கதிர் சிகிச்சைக் கூடம் நடத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதிப்பதில்லை. அவருக்கு முதுநிலைத் தகுதி கட்டாயம். அங்கே முதுகலைக்கும் பொறுப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதனால் அந்தப் பட்டதாரி நோயாளி இருக்கும் இடத்திலேயே இருக்கிறார்.

இங்கிலாந்தில் 2017இல் மேம்பட்ட சிகிச்சையாளர் என்ற நிலைக்கு ஒரு சட்டகம் வகுத்தார்கள். சிகிச்சை, தலைமை, கற்பித்தல், ஆய்வு என நான்கு தூண்கள், தரம் முதுகலை. ரேடியோகிராபர் முதுநிலைப் பயிற்சி பெற்றால் எலும்பு எக்ஸ்ரேக்கு அவரே அறிக்கை எழுதலாம் என்பது அங்கே பழகிப்போன நடைமுறை. படிப்பு கூடும்போது அவர் செய்யக்கூடிய முடிவும் கூடுகிறது.

அமெரிக்கா வேறு வழியில் போயிற்று. மரபணு ஆலோசனைப் படிப்பு 1969இல் சாரா லாரன்ஸ் கல்லூரியில் தொடங்கியதே முதுகலையாகத்தான். பேச்சுச் சிகிச்சைக்கு நுழைவுத் தகுதியே முதுகலை. இயன்முறை சிகிச்சையோ 2015 முடிவுக்குள் முழுவதுமாக முனைவர் நிலைப் பட்டத்துக்கு ஏறிவிட்டது. நம் இளநிலைப் பட்டத்துடன் அங்கே போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். நுழைவுப் பட்டத்தை மேலே மேலே உயர்த்துவதை நான் நம் நாட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பொறுப்பு கூடாமல் பட்டம் மட்டும் கூடினால் சுமை மாணவரின் கடனில்தான் ஏறும்.

இங்கே வேண்டியது எளிமையானது. மருத்துவமனைகளில் முதுகலைத் தகுதிக்கென்று சிகிச்சைப் பதவி. நரம்பியல் வார்டில் ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவர், குழந்தைகள் பிரிவில் ஒருவர். இளநிலைச் சிகிச்சையாளர்கள் சந்தேகம் கேட்கவும், பயிற்சியின் அளவையும் நிறுத்தும் நாளையும் முடிவு செய்யவும் ஓர் ஆள். 1992இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம். செரியன் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பைத் தொடங்கியபோது அப்படி ஒரு பதவியே இந்தியாவில் கிடையாது. இதய அறுவைக் குழுவுக்கு ஆள் தேவைப்பட்டது, படிப்பும் பதவியும் சேர்ந்தே பிறந்தன. இன்று அந்தத் தொழில் பிசிஷியன் அசோசியேட் என்ற பெயரில் தேசியச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. ஆகவே இதெல்லாம் இங்கே நடக்காது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

6. சேரப்போகும் மாணவர்களுக்கு

முதலில், உடனே சேராதீர்கள். ஓரிரு ஆண்டு நோயாளிகளோடு வேலை செய்யுங்கள். உங்களால் விடை சொல்ல முடியாத நோயாளிகளைக் குறித்து வையுங்கள். எந்த வகை நோயாளிகள் அந்தக் குறிப்பில் திரும்பத் திரும்ப வருகிறார்களோ அதுதான் உங்கள் சிறப்புத் துறை. எதற்கு ஸ்கோப் என்று சீனியரிடம் கேட்டுத் தேர்ந்தெடுப்பதைவிட இது நம்பகமானது.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். வெளிநோயாளிப் பிரிவில் காலை பத்து மணிக்குப் போய் நில்லுங்கள். நோயாளிகள் வருகிறார்களா? வழிகாட்டி ஆகப்போகிறவர் இன்னும் நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கிறாரா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் வேறு இடம் தேடுங்கள்.

அங்கீகாரத்தைச் சேரும் முன்பே சரிபாருங்கள். பேச்சு-கேட்பியல், மருத்துவ உளவியல், செயற்கை உறுப்புத் துறை போன்றவற்றுக்கு 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூர வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தடை விதித்திருக்கிறது. உளவியல், ஊட்டச்சத்து ஆகியவையும் இதில் அடங்கும். வேலை பார்த்துக்கொண்டே தபாலில் முடித்துவிடலாம் என்று யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது உதவித்தொகை. எம்.டி., எம்.எஸ். மாணவர் வார்டில் செய்யும் பணிக்கு மாதந்தோறும் உதவித்தொகை பெறுகிறார். அதே வார்டில் அதே நோயாளிக்காக நிற்கும் துணை மருத்துவ முதுகலை மாணவர் பெரும்பாலான இடங்களில் கட்டணம் கட்டிவிட்டு நிற்கிறார். நெசவாளி வீட்டுப் பிள்ளையும் விவசாயக் கூலியின் மகளும் இளநிலையோடு நின்றுவிடுவதற்கு இதுதான் பெரிய காரணம் என்பதை என் மாணவர்களிடம் கண்டிருக்கிறேன். திறமையில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. உதவித்தொகை இல்லாத முதுகலை, வசதி உள்ளவர்களின் முதுகலையாகவே இருக்கும். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

கடைசியாக, உடனடியாகச் செய்யக்கூடிய ஒன்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியபோது, வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தரும் இயன்முறை சிகிச்சையாளர்களும் வட்டாரந்தோறும் அதில் இணைக்கப்பட்டார்கள். படுத்த படுக்கையானவர், இடுப்பு எலும்பு முறிந்த முதியவர், பக்கவாதம் வந்து மாதங்கள் கடந்தவர் ஆகியோரின் வீட்டு வாசல் உயரமும் கழிவறைத் தூரமும் இந்தச் சிகிச்சையாளர்களுக்கு மனப்பாடம். குடும்பத்தார் எத்தனை நிமிடம் ஒதுக்க முடியும் என்பதை அவர்களைப்போல் அறிந்தவர் இல்லை. அட்டெண்ட் ஆய்வு விட்டுச்சென்ற கேள்விகளுக்கு விடை தேட அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? பணியில் இருந்தபடியே அவர்கள் முதுகலை படிக்க வழி செய்யலாம். வாரத்தில் நான்கு நாள் தங்கள் வட்டாரத்தில் வேலை, இரண்டு நாள் கல்லூரியில் நேரடி வகுப்பு, படிப்புக் காலம் மூன்று ஆண்டு, ஆய்வுக்களம் அவர்கள் பார்க்கும் வீடுகளே. முடித்ததும் அதே வட்டாரத்தில் உயர் பதவி. பல்கலைக்கழகமும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் உட்கார்ந்து பேசினால் முடியக்கூடியது.

அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வைப்புத் தொகையின் வட்டியில் சொற்பொழிவுச் செலவு போக மிஞ்சுவதை, அப்படிப் படிக்க வரும் ஒரு சிகிச்சையாளரின் கட்டணத்துக்கும் பேருந்துச் செலவுக்கும் ஒதுக்க முடியுமா என்று யோசியுங்கள். இன்றைய சொற்பொழிவுக்கான மதிப்பூதியத்தை அதன் முதல் தவணையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பதிவாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.